எண்ணிக்கை கேட்டவள்

இந்த மனிதர் இன்றைக்கு உட்காரப் போவதில்லை. வினா எண் பதினொன்று, ஏதோ ஒரு வாய்க்காலுக்கு மேல் பாலம், அதற்கு அமைச்சர் ஆய்வில் உள்ளது என்று பதில் படித்து முடித்துவிட்டார், துணைக்கேள்வி கேட்கலாம் என்று பேரவைத் தலைவர் கையைக் காட்டியாயிற்று, இவரோ இன்னும் தன் கட்சித் தலைவரை வணங்கி முடிக்கவில்லை. சூரியன் வந்தாயிற்று, முழுநிலவு வந்தாயிற்று, இப்போது கடல் வந்துகொண்டிருக்கிறது, அடுத்தது இமயமலையாகத்தான் இருக்கும், வாய்க்கால் எப்போது வருமோ. கோபம் வர வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வருகிறது, காலையிலிருந்தே அப்படித்தான், விடுதியில் இட்லி தின்னும்போது சிரிப்பு, லிப்டில் சிரிப்பு, வாசலில் கைப்பேசியை ஒப்படைக்கும்போது அந்தக் காவலர், என்ன மேடம் சந்தோஷமா இருக்கீங்க என்று கேட்டே விட்டார். சந்தோஷம்தான் தம்பி, அச்சில் என் பெயர் வந்திருக்கிறது. மடியில் கிடக்கிற வினாப் பட்டியலை இதோடு எத்தனை தடவை பார்த்துவிட்டேனோ, பதினாறு, திருமதி பொ. பிரமசக்தி, செந்தேரிவிளை, அதற்குக் கீழே ஒரே ஒரு வாக்கியம்: செந்தேரிவிளை அரசு மருத்துவமனையில் கடந்த ஓராண்டில் அறுவைசிகிச்சை மூலம் நடந்த பிரசவங்களின் எண்ணிக்கை எவ்வளவு என்பதை மாண்புமிகு அமைச்சர் தெரிவிப்பாரா. அவ்வளவுதான். மற்றவர்கள் கேள்வியெல்லாம் அ, ஆ, இ என்று பிரிந்து பிரிந்து பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, என்னுடையது ஒரு மூலையில் ஒடுங்கி நிற்கிறது. பதினொன்றுக்கும் பதினாறுக்கும் நடுவில் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். அதற்குள் மணி அடித்துக் கேள்வி நேரம் முடிந்துவிட்டால் மிச்சமிருக்கிற வினாக்களுக்கெல்லாம் பதிலை அச்சடித்து அவையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், அமைச்சர் வாயைத் திறக்க வேண்டாம், நானும் திருப்பிக் கேட்க முடியாது. அந்த மணிதான் எனக்குப் பயம்.

குளிர்கிறது. யார் கேட்டு இந்த மண்டபத்தில் இவ்வளவு குளிர் வைக்கிறார்களோ, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டால் எங்கள் ஊர் மூன்று மாடி ஆஸ்பத்திரியின் அறுவை அரங்கம் ஞாபகத்துக்கு வருகிறது, அங்கேயும் இதே குளிர்தான், எனக்காக ஏ.சி.யைப் போட்டுக் காட்டினார்கள், பெரிய விளக்கு, ஏறி இறங்குகிற கட்டில், எதற்கும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுக்கத் தெரிந்த ஷீபா டாக்டரும் இருக்கிறார். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர்தான் இல்லை. அவர் இல்லாமல் ஷீபா டாக்டர் கத்தியைத் தொட முடியாது, ஆகவே பிரசவத்தில் கொஞ்சம் சிக்கல் என்றாலும் ஆம்புலன்ஸ், மாவட்டத் தலைநகர், போகிற வழியில் ரயில்வே கேட், கேட்டில் ஒரு கூட்ஸ் வண்டி. எங்கள் தெரு மாரிக்கனி முதல் பிள்ளைக்கு அப்படித்தான் போனாள், வலியில் அந்தக் கூட்ஸ் வண்டியின் ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாகத் திட்டினாளாம், திட்டுவதில் அவளை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. இப்போது அவளுக்கு இரண்டாவது. முதல் தடவை ஆபரேஷன் என்பதால் இதையும் ஆபரேஷனில்தான் எடுக்க வேண்டுமாம், வருகிற வியாழக்கிழமை என்று ஷீபா டாக்டர் நாளும் குறித்துவிட்டார், குறித்த கையோடு மாவட்டத் தலைநகருக்குப் போகச் சொல்லிச் சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார். மாரிக்கனி பீடி சுற்றுகிறவள், புருஷன் கேரளாவில் கட்டட வேலை, மூத்தவளை யாரிடம் விட்டுவிட்டு அங்கே போய்ப் படுத்துக் கிடப்பாள். நான் போவ மாட்டேன் யக்கா, வந்தா இங்க வரட்டும், இல்லைன்னா உள்ளயே இருக்கட்டும் என்று வயிற்றைத் தட்டிக் காட்டுகிறாள். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள், நானும் சிரித்தேன், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தின பிறகு வியாழக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினேன். வலி முன்கூட்டியே வந்துவிட்டால், கேட் போட்டிருந்தால். வேண்டாம், அதை நினைக்கக் கூடாது, பதினொன்று உட்கார்ந்துவிட்டார், வணங்கி அமர்கிறேன் என்று சொல்லியேவிட்டார், பாலத்தைப் பற்றி என்ன கேட்டார் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

பன்னிரண்டு. ஒரு ஏரியைத் தூர் வாருவது. சிரிக்கிறேனே தவிர, போன கூட்டத்தொடரில் இதே இடத்தில் நின்று நான் செய்த காரியம் இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அப்போது முதல் கேள்வி, ஆசை ஆசையாக நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன், பேரவைச் செயலகத்தில் அதைச் சீவி ஒரு வரியாக்கி அனுப்பினார்கள், செந்தேரிவிளை மருத்துவமனையில் மயக்கவியல் மருத்துவர் பணியிடம் ஏற்படுத்த அரசு ஆவன செய்யுமா. நானும் சரி என்று கையெழுத்துப் போட்டேன். அமைச்சர் எழுந்தார், கண்ணாடியைச் சரிசெய்தார், அந்தப் பணியிடம் ஏற்கெனவே உள்ளது என்றார். ஆளும் தரப்பில் மேசையைத் தட்டினார்கள். நான் என்ன செய்தேன், நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, இடம் இருக்கிறது, அந்த இடத்தில் ஆள் இல்லை, கேட்க வேண்டியது ஆளை, நான் கேட்டது நாற்காலியை. அமைச்சர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. ஊருக்குத் திரும்பினால் டீக்கடையில் ஒரே கொண்டாட்டம், டாக்டர் வரலையாம், பணியிடம் வந்துட்டாம்லா என்று. அப்போதுதான் மசக்கையில் இருந்த மாரிக்கனி பீடி முறத்தை மடியிலிருந்து இறக்காமலே கேட்டாள்.

"யக்கா, அந்தப் பணியிடத்துக்கு ஊசி போடத் தெரியுமா?"

தெருவே சிரித்தது, எனக்கும் அடக்க முடியவில்லை, அன்றைக்கு ராத்திரி சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் பொன்னுலிங்கம் சமாதானம் சொல்லுகிற ரகம் கிடையாது, சமாதானம் சொன்னால் சர்க்கரை மாத்திரை ஞாபகம் எனக்கு வந்துவிடும் என்று பயப்படுகிறவர். மாத்திரை போட்டாச்சா என்று கேட்டேன், ஆச்சு என்றார். முப்பது வருஷமாக எது கேட்டாலும் ஆச்சுதான். அட்டையில எத்தனை மிச்சம் இருக்கு என்று கேட்டேன். எழுந்து போய் அலமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது, அப்புறம் தண்ணீர் குடிக்கிற சத்தம். அப்படியே பிரகாசமாகிவிட்டது எனக்கு, கைகழுவக்கூட எழுந்திருக்காமல் உட்கார்ந்து யோசித்தேன். உள்ளதா என்று கேட்டால் உள்ளது என்பார்கள், ஆவன செய்யுமா என்றால் ஆவன செய்யப்படும் என்பார்கள், எத்தனை என்று கேட்டால் எண்ணித்தானே ஆக வேண்டும், எண்ணுவதற்கு எவனாவது ஒருத்தன் எழுந்து அலமாரியைத் திறக்கத்தானே வேண்டும். மறுநாளே எழுதி அனுப்பிவிட்டேன். செயலகத்திலிருந்து ஓர் அதிகாரி கூப்பிட்டு, கடைசியில் அரசு ஆவன செய்யுமா என்று சேர்த்துவிடட்டுமா, கேள்வி மொட்டையாக நிற்கிறதே என்றார். மொட்டையாகவே நிற்கட்டும் என்றேன். அந்தக் கேள்வி கோட்டையிலிருந்து இறங்கி, துறைக்குப் போய், மாவட்டத்துக்குப் போய், ஒரு நாள் ஷீபா டாக்டர் மேசைக்கு வந்து சேர்ந்தது, அவர் போனில் மூச்சுவிடாமல் பேசினார், என்ன மேடம் பண்ணி வச்சிருக்கீங்க, ஆறு மாசமா யாரும் எட்டிப் பார்க்கலை, இப்ப காலையில ஒரு போன் சாயங்காலம் ஒரு போன், தியேட்டரைக் கழுவிவிடச் சொல்றாங்க. நான் மிட்டாய் வாங்கித் தெருவுக்கே கொடுத்தேன். கழுவியதற்கே மிட்டாயா என்று பொன்னுலிங்கம் கேட்டார். ஆமாம், கழுவியதற்குத்தான்.

பதிமூன்று, உறுப்பினர் வரவில்லை. அட, மகராசன், எங்கே இருக்கிறாரோ நன்றாக இருக்கட்டும். பதினான்கு, ஒரு பெண் உறுப்பினர், பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர், அமைச்சர் நிதிநிலைக்கேற்ப என்கிறார், அவள் விடவில்லை, எந்த நிதியாண்டு என்று கேட்கிறாள், கெட்டிக்காரி, ஆனால் தாயே கொஞ்சம் சீக்கிரம். கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டை நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது. என் முன்னால் இருக்கிற ஒலிவாங்கியில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தால்தான் பேச முடியும், அது எரியாவிட்டால் என்ன செய்வது, போன தடவை எரிந்தது, எரிந்து என்ன பிரயோஜனம், நன்றி என்றுதானே சொன்னேன். இந்தத் தடவை அப்படி ஆகாது, பூஜ்யம் என்று அமைச்சர் சொன்ன அடுத்த நொடி என்ன பேச வேண்டும் என்று தாளில் எழுதி வைத்திருக்கிறேன், பூஜ்யத்தைக் கட்டுவதற்கா மூன்று மாடி, பூஜ்யத்துக்கா ஏ.சி., கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாயிற்று, ஏ.சி. என்கிற இடத்தில் கையை உயர்த்த வேண்டும். எங்கள் தலைவரை வணங்குகிற வரியும் முதலில் இருந்தது, அதை நேற்றே அடித்துவிட்டேன், அவர் கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும், அந்த ஒரு நிமிஷம் மாரிக்கனிக்கு வேண்டும். எழுதின தாளை மடித்து மடித்து அது முறுக்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. பக்கத்து இருக்கையில் ஆறுமுகநயினார் அண்ணாச்சி தொண்டையைச் செருமுகிறார், பதினைந்து அவருடையது.

ஆறுமுகநயினார் அண்ணாச்சி வேறு கட்சி, எங்கள் மாவட்டம்தான், நாலாவது தடவையாக ஜெயித்து வந்திருக்கிறார், எழுந்தால் மணியை விழுங்கிவிட்டுத்தான் உட்காருவார் என்று பெயர். ஒரு தடவை பேருந்து நிலையக் கழிப்பறையைப் பற்றித் துணைக்கேள்வி கேட்கப் போனவர், அந்த ஊருக்குப் பெயர் வந்த கதையிலிருந்து ஆரம்பித்தார், கழிப்பறைக்கு வருவதற்குள் கேள்வி நேர மணியே அடித்துவிட்டது. காலையிலேயே காலில் விழாத குறையாகச் சொல்லி வைத்தேன், அண்ணாச்சி, இன்னைக்கு மட்டும் கொஞ்சம் சுருக்கமா முடிச்சுக்கிடுங்க, எனக்கு அடுத்த நம்பரு. பாப்போம் என்றார். பாப்போம் என்றால் என்ன அர்த்தம், தேர்தலில் சீட்டுக் கேட்டவனிடம் சொல்லுகிற பாப்போமா இது. அவருக்கும் ஊரில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார்கள், பேசாமல் உட்கார்ந்தால் என்ன அண்ணாச்சி உடம்புக்கு என்று கேட்க ஆள் இருக்கும். வினா எண் பதினைந்து என்று பேரவைத் தலைவர் சொல்லிவிட்டார். குளத்துக்கரைச் சாலை. அமைச்சர் பதில் படிக்கிறார், மூன்று பகுதி, ஆம், இல்லை, வினா எழவில்லை. அண்ணாச்சி வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கிறார், எழுந்திருப்பதற்கே அரை நிமிஷம், சிவப்பு விளக்கு எரிகிறது, அவை முழுவதும் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது, பேரவைத் தலைவர்கூடத் தண்ணீர்க் குவளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"துணைக்கேள்வி இல்லை, பேரவைத் தலைவர் அவர்களே."

உட்கார்ந்துவிட்டார். இரண்டு பக்கமும் மேசையைத் தட்டுகிறார்கள், முதலமைச்சர் வரிசையிலிருந்துகூடத் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் அண்ணாச்சியைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கவில்லை, மேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வயித்துல ஒரே பொருமல், நின்னு பேச முடியலம்மா என்று முணுமுணுக்கிறார், பச்சைப் பொய், காலையில் என் கண் முன்னால் ஆறு இட்லி தின்றவர். அழுகை வருகிறது, அழக்கூடாது, அழுதால் கண்ணில் மை கரையும். வினா எண் பதினாறு. எழுந்துவிட்டேனா, எழுந்துவிட்டேன், வினா எண் பதினாறு என்று என் வாயும் சொல்லிவிட்டது, இனி அமைச்சர் முறை. கோப்பைத் திறக்கிறார். கண்ணாடியைச் சரிசெய்கிறார். அந்தக் கண்ணாடியை எனக்குத் தெரியும். சொல்லுங்கள், பூஜ்யம் என்று சொல்லுங்கள், உங்கள் வாயால் சொல்லுங்கள், பூஜ்யம் என்று பேரவைக் குறிப்பில் ஏறட்டும், என் தாள் தயார், என் கை தயார். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். எதற்குச் சிரிக்கிறார். இன்று காலை வரையிலான கணக்கின்படி, பேரவைத் தலைவர் அவர்களே, என்று ஆரம்பித்து நிறுத்துகிறார்.

"ஒன்று."

ஒன்றா. ஒன்று என்றால். எண்ணிக்கை ஒன்று, மயக்கவியல் மருத்துவர் ஒருவர் மாற்றுப்பணியில் அனுப்பப்பட்டு, இன்று அதிகாலை அங்கு முதலாவது அறுவைசிகிச்சைப் பிரசவம் வெற்றிகரமாக நடைபெற்றுள்ளது, தாயும் சேயும் நலம். மேசைகள் இடியாய் முழங்குகின்றன, நானும் தட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது கை எரியும்போதுதான் தெரிகிறது, எதிர்க்கட்சி வரிசையில் நின்றுகொண்டு அமைச்சர் பதிலுக்கு மேசையைத் தட்டுகிற ஒரே ஆள் நான்தான், தட்டுவேன், இன்னும் தட்டுவேன். யார் பெற்றாள், எந்தத் தெரு, ஆணா பெண்ணா, கைப்பேசி வாசலில் கிடக்கிறது, ஊரே என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருக்கும். பூஜ்யம் என்று அவையில் சொல்ல வெட்கப்பட்டு ஓர் அரசாங்கம் விடிவதற்குள் ஓடி ஓடி ஒரு பிள்ளையைப் பெற்றெடுத்திருக்கிறது. வெட்கப்படுகிற அரசாங்கம் நல்ல அரசாங்கம்தான், வெட்கப்பட வைக்க ஒரு வரி போதும் என்று தெரியாமல் போன தடவை நாலு பக்கம் எழுதினேனே. எங்கோ எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில், பிளாஸ்டிக் உறை பிரித்த கட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு குழந்தை என் கேள்விக்குப் பதிலாக வந்து படுத்திருக்கிறது. எனக்குக் குலவை போட வேண்டும்போல் இருக்கிறது, போட்டால் அவைக்காவலர்களைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

உறுப்பினர் துணைக்கேள்வி கேட்கிறாரா, நேரம் முடியப்போகிறது என்கிறார் பேரவைத் தலைவர். கையில் இருக்கிற தாளைப் பார்க்கிறேன், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், ஒன்றுகூட உதவாது, இவ்வளவு ஒத்திகையும் வீண், எவ்வளவு நல்ல வீண். நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம், நாக்கு நுனியில் நன்றி வந்து நிற்கிறது, சொன்னால் இன்னொரு தடவை மேசை தட்டுவார்கள், போட்டோ வரும். ஆனால் மாற்றுப்பணி என்றாரே. மாற்றுப்பணி என்றால் ஓர் ஊர் டாக்டரை இன்னோர் ஊருக்கு இரவல் கொடுப்பது, எங்கள் நூலகருக்கும் மாற்றுப்பணிதான், திறப்பு விழாவுக்கு வந்துவிட்டு மறுநாளே போய்விட்டார். இன்றைக்கு ஒன்று என்று சொல்வதற்காக வந்த டாக்டர் இன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டிவிட்டால் அந்த ஒன்று ஒன்றாகவே நின்றுவிடும், அடுத்த வருஷம் கேட்டாலும் ஒன்றுதான் சொல்வார்கள், பொய்யும் இல்லை. ஒருத்திக்கு நடந்தது, அவள் நன்றாக இருக்கட்டும். மாரிக்கனிக்கு இன்னும் நடக்கவில்லை. நிரந்தரமாக நியமிக்க ஆவன செய்யுமா என்று கேட்டால் செய்யப்படும் என்பார், அது எனக்குத் தெரிந்த பதில், அது வேண்டாம். சிவப்பு விளக்கு எரிகிறது, என் விளக்கு. வணக்கம் சொல்லவில்லை, யாரையும் வாழ்த்தவில்லை, நேராகக் கேட்டுவிட்டேன்.

"அந்த டாக்டர் வருகிற வியாழக்கிழமை செந்தேரிவிளையில் இருப்பாரா?"

முதலில் பின்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார், அப்புறம் அவை முழுவதும் சிரிக்கிறது, வியாழக்கிழமையில் அப்படி என்ன விசேஷம் என்று யாரோ கேட்கிறார்கள், சிரிக்கட்டும், நல்ல சிரிப்புதான், நானும் சிரித்துக்கொண்டே நிற்கிறேன், ஆனால் உட்காரவில்லை. அமைச்சர் சிரிக்கவில்லை. கோப்பைப் புரட்டுகிறார், கோப்பில் வியாழக்கிழமை எங்கே இருக்கும், அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிற மாடத்தைத் திரும்பிப் பார்க்கிறார், அங்கே இரண்டு தலைகள் குனிந்து பேசுகின்றன, ஒருவர் எழுதுகிறார், ஒரு துண்டுச் சீட்டு கை மாறி கை மாறி வருகிறது, அது வருகிற வழியெல்லாம் என் கண்ணும் கூடவே வருகிறது. பெரிய முள் உச்சியைத் தொட்டுவிட்டது. மணி அடிக்கிறவர் கையைத் தூக்கிவிட்டார், பேரவைத் தலைவர் அவரைப் பார்த்து, இரு, என்பதுபோல் ஒரு விரல் காட்டுகிறார், இந்த உபகாரத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். அமைச்சர் சீட்டைப் படிக்கிறார், இன்னொரு தடவை படிக்கிறார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நேராகப் பார்க்கிறார். அதில் கோபம் இல்லை, மாட்டிக்கொண்ட ஆளின் முகம், ஒப்புக்கொண்ட முகமும்தான்.

"இருப்பார்."

நடுவில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிற சுருக்கெழுத்துக்காரர் குனிந்து எழுதுகிறார், அந்தப் பேனா நகர்வதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு சொல், எழுதி முடித்துவிட்டார், இனி அதை அமைச்சராலும் அழிக்க முடியாது. மணி அடிக்கிறது. அடிக்கட்டும், நன்றாக அடிக்கட்டும். இனி உட்காரலாம், உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சி பக்கத்திலிருந்து, அடுத்து வெள்ளிக்கிழமையைக் கேப்பியளோ என்கிறார். கேட்பேன் அண்ணாச்சி, சனிக்கிழமையையும் கேட்பேன். வெளியே போய்க் கைப்பேசியை வாங்கி முதலில் மாரிக்கனியைக் கூப்பிட வேண்டும், தலைநகருக்குப் போகச் சொன்ன சீட்டைக் கிழித்துப் போடு, நம்ம ஊரிலேயே படுத்துக்கொள் என்று சொல்ல வேண்டும், என்ன திட்டு திட்டுவாளோ, சந்தோஷம் வந்தாலும் அவளுக்குத் திட்டத்தான் வரும். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பூஜ்யம் எழுதின தாளைப் பிரித்து, முழங்காலில் வைத்துத் தேய்த்து நிமிர்த்தி, பின்பக்கத்தில் அடுத்த கூட்டத்தொடருக்கான வினாவை எழுத ஆரம்பிக்கிறேன், தாள் கசங்கியிருப்பதால் எழுத்து கோணல்மாணலாக வருகிறது, செயலகத்தில் படித்துக்கொள்வார்கள்: செந்தேரிவிளை அரசு மருத்துவமனையில் அந்த ஒன்றுக்குப் பிறகு நடந்தவை எத்தனை.